ரொறன்ரோக் குளிரில் படுக்கையறைக்கு ஹனிவெல் எச்.சி.எம்-350 ஈரப்பதமூட்டி (ஹியுமிடிஃபயர்) வாங்கலாமா?

மைனஸ் 10 பாகைக் காற்றில் நீராவி மிகச் சொற்பம். அதையே வீட்டுக்குள் 21 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். விடியற்காலையில் தொண்டை வறள்வதிலும், பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் கசிவதிலும் இந்த வறட்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஈரப்பதமூட்டிகளில் கடைகளில் அதிகம் விற்பது, ஒலியதிர்வால் நீரைத் துளியாக்கும் அல்ட்ராசோனிக் வகை. சத்தமே இராது, புகைபோல நீர்த்துளியைக் கக்கும். ஆனால் குழாய்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும், தாங்கியில் வளர்ந்த கிருமியும் அந்தத் துளியோடு சேர்ந்தே அறைக்குள் வரும். மேசையில் படியும் வெள்ளைத் தூள் அந்தச் சுண்ணாம்புதான். அதைத்தான் இரவு முழுக்கச் சுவாசிக்கிறோம்.

எச்.சி.எம்-350 வேறு வகை. நனைந்த பில்ரர் ஊடாக மின்விசிறி காற்றை இழுக்கும். நீர் ஆவியாகும், சுண்ணாம்பு பில்ரரிலேயே தங்கிவிடும். புகை கண்ணுக்குத் தெரியாததால் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் தாங்கியில் நீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு மூடிய 12க்கு 10 அடி அறையை 35 சதவீதத்தில் வைத்திருக்க இரவுக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை போதும். தாங்கியோ சுமார் 4 லீற்றர் கொள்ளும். அதற்காக நாலு நாள் அதே நீரை விடக்கூடாது; தினமும் கொட்டி மாற்றவேண்டும்.

புதுப் பில்ரர் முழுதாக நனைந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். ஒன்ராரியோ ஏரித் தண்ணீர் ஓரளவு கடினமானது என்பதால் நாளாக ஆக பில்ரர் பழுப்பேறி, மரத்தட்டைபோல விறைக்கும். மேல்பாதி காய்ந்தே கிடந்தால் எறிய வேண்டியதுதான். ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு பில்ரர் என்று செலவைக் கணக்கிடுங்கள்.

உள்ளே கிருமி கொல்லும் புறஊதா விளக்கு இருக்கிறது என்று கழுவாமல் விடவேண்டாம். வாரம் ஒருமுறை பில்ரரை வெளியே எடுத்துவிட்டு, இயந்திரத்தின் அடித்தட்டில் ஒரு கப் வெள்ளை வினாகிரி ஊற்றி 20 நிமிடம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தாங்கியில் 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பிளீச் கலந்து, இன்னொரு 20 நிமிடம் கழித்து, மணம் போகும்வரை அலசுங்கள். வினாகிரியும் பிளீச்சும் ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சு வாயு வரும்.

குறைகள் இரண்டு. சின்ன வேகத்திலும் விசிறிச் சத்தம் கேட்கும், இடையிடையே தாங்கி 'களக்' என்று நீர் இறக்கும். ஈரப்பதத்தை அளந்து தானாக நிறுத்தும் வசதியும் கிடையாது. தனியாக ஒரு ஹைகிரோமீட்டர் (ஈரப்பதமானி) வாங்கிக் கட்டில் பக்கம் வையுங்கள், இயந்திரத்துக்கு நேர் எதிரே அல்ல. கண்ணாடி ஜன்னலின் கீழ் விளிம்பில் நீர் கோத்தால், மானி எந்த எண்ணைக் காட்டினாலும் நிறுத்திவிடுங்கள். அந்த ஈரம் சட்டத்தில் இறங்கிப் பூஞ்சணமாகும்.

சத்தம் பழகிவிடும் என்றால் தாராளமாக வாங்கலாம். மூன்று வேளையும் சோறு, குழம்பு கொதிக்கும் சின்ன பேஸ்மென்ற் வீடென்றால் முதலில் ஹைகிரோமீட்டரை மட்டும் வாங்கிப் பாருங்கள். அது ஏற்கெனவே 40 காட்டினால் இந்த இயந்திரம் உங்களுக்குத் தேவையில்லை.