மூலம் எங்கே? ஓர் ஏஐ ஆய்வுச் சேவையோடு மூன்று மாதங்கள்

உணவு, மருத்துவம் தொடர்பான கட்டுரைகளை வெளியிடும் ஓர் இதழுக்குத் தகவல் சரிபார்க்கும் வேலையை நான் செய்து வருகிறேன். ஒரு கட்டுரையில் ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்று வந்தால், எந்த ஆய்வு, யாரிடம், எத்தனை பேரிடம் நடத்தப்பட்டது என்று தேடிப் பிடிப்பதுதான் அந்த வேலை. 2024 டிசம்பரில் கூகுள் தன் ஜெமினியிலும், 2025 பிப்ரவரியில் ஓபன்ஏஐ தன் சாட்ஜிபிடியிலும் ‘டீப் ரிசர்ச்’ என்ற ஆய்வு முகவரை (தானே இணையத்தில் தேடிப் படித்து அறிக்கை எழுதும் ஏஐ நிரலை) அறிமுகப்படுத்திய பிறகு, இதே வகைச் சேவைகள் வரிசையாக வந்தன. அவற்றுள் ஒன்றுக்கு மூன்று மாதம் சந்தா கட்டிப் பயன்படுத்தினேன். குறைகளை நிறையவே சொல்லப்போவதால் அதன் பெயரை எழுதவில்லை. தவிரவும், இந்தக் குறைகள் ஒரே ஒரு நிறுவனத்துக்கு உரியவை என்றும் நான் கருதவில்லை.

சேவை இயங்கும் முறை எளிது. நாம் ஒரு கேள்வியைத் தருகிறோம். அது கேள்வியைச் சிறு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டு, இணையத்தில் தேடி, பக்கங்களைத் திறந்து படித்து, பத்து முதல் இருபது நிமிடத்துக்குள் மேற்கோள் எண்களோடு கூடிய நீண்ட அறிக்கை ஒன்றைத் தருகிறது. வடிவமைப்பு நன்றாக இருக்கிறது, தமிழும் படிக்கும்படி இருக்கிறது, வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவை மதிப்புரைக்குரிய விஷயங்களே அல்ல என்பதால் இத்தோடு விடுகிறேன். அறிக்கையில் உள்ள வாக்கியத்தை நம்பி அச்சுக்கு அனுப்பலாமா என்பதே என் கேள்வி.

முதல் சோதனைக்கு விடை எனக்கு முன்பே தெரிந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன்: பாலக் கீரையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்ற நம்பிக்கை எப்படி வந்தது? இதற்கு உலகமெங்கும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் ஒருவர் தசமப் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டார், அதனால் கீரையின் இரும்புச்சத்து பத்து மடங்காகிவிட்டது, கீரை தின்று பலம் பெறும் நாயகனைக் கொண்ட, பின்னால் வந்த பாப்பாய் கார்ட்டூன் அதை ஊரெங்கும் பரப்பியது என்பது அந்தக் கதை. முகவர் இதே கதையைப் பல பக்கங்களுக்கு எழுதி, பத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களை அடுக்கித் தந்தது. மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, அவை அனைத்தும் ஒன்றை ஒன்று சுட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அந்த ஜெர்மன் ஆவணத்தைப் பார்த்துவிட்டு எழுதப்பட்டதாக இல்லை.

உண்மையில் அந்தத் தசமப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் கிடையாது. 1981-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் காலத்து இதழில் டி.ஜே. ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் அது பெரிதாகப் பரவியது. அவர் அதற்கு எந்த ஆதாரக் குறிப்பும் தரவில்லை. 2010-இல் மைக் சட்டன் என்ற பிரிட்டிஷ் குற்றவியலாளர் தேடிப் பார்த்து, அப்படியொரு தசமப் பிழை நடந்ததற்குச் சான்று இல்லை என்று எழுதினார். கல்விப்புல வதந்திகள் எப்படி உருவாகின்றன என்பதை 2014-இல் நார்வே நாட்டு ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் இதே கீரையை வைத்து விளக்கினார். ஆதாரம் பார்க்காமல் எழுதாதீர்கள் என்று எச்சரிப்பதற்காகவே பலரும் எடுத்துச் சொல்லும் ஒரு கதை, ஆதாரம் பார்க்காமல் எழுதப்பட்டதாக இருப்பதால், ஆய்வு முகவரைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான உரைகல் எனக்குத் தெரியவில்லை.

குற்றம் முகவருடையது மட்டும்தானா என்ற சந்தேகத்தில் கட்டளையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். ‘நீ உலகத் தரம் வாய்ந்த ஆய்வாளர்’, ‘மிகக் கறாராக ஆராய்க’, ‘ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லாதே’ என்று பலரும் பரிந்துரைக்கும் வாசகங்களால் விளைந்த மாற்றம் ஒன்றுதான்: நடை இன்னும் கம்பீரமாயிற்று. அதே தசமப் புள்ளி, கூடுதல் மேற்கோள்களுடன் திரும்பி வந்தது. முகவரின் கணக்கில் பத்துப் பக்கங்கள் ஒன்றையே சொன்னால் அது பத்து ஆதாரம். ‘ஆதாரத்தோடு சொல்’ என்பதை அது அப்படித்தான் புரிந்துகொள்கிறது.

பலன் தந்த கட்டளை வேறு மாதிரியானது. அதை அப்படியே தருகிறேன்: ‘ஒவ்வொரு கூற்றுக்கும், அதை முதன்முதலில் சொன்ன ஆவணம் எது என்று பின்னோக்கிச் செல். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைச் சுட்டினால் அந்த இன்னொரு பக்கத்தைத் திற. எந்த இடத்தில் சங்கிலி அறுகிறதோ அந்த இடத்தைக் குறிப்பிடு. மூல ஆவணத்தை நீ திறந்து படித்தாயா, ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் பார்த்தாயா, பிறர் சொன்னதை எடுத்தாயா என்பதை ஒவ்வொரு கூற்றின் அருகிலும் எழுது. கிடைக்கவில்லை என்பது ஏற்றுக்கொள்ளத்தக்க விடை.’ இதைக் கொடுத்ததும் அறிக்கை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஹாம்ப்ளினோடு சங்கிலி அறுகிறது என்று சொல்லி, சட்டனையும் ரெக்டாலையும் தானாகவே தேடிக்கொண்டு வந்தது. என் அனுபவத்தில் அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் எடை அதிகம். வெறுங்கையோடு திரும்பி வரலாம் என்று அனுமதி கொடுக்காவிட்டால், கடைக்கு அனுப்பிய பிள்ளை கேட்ட சாமான் இல்லாதபோது வேறு எதையோ வாங்கி வருவது போலத்தான் இதுவும் நடந்துகொள்கிறது.

தமிழில் கேட்பதா, ஆங்கிலத்தில் கேட்பதா என்பதும் முடிவைப் பாதிக்கிறது. ‘பசலைக்கீரை’ என்று கேட்டபோது, கொடியாகப் படரும் நம் ஊர்ப் பசலையின் தகவலையும், வேறு குடும்பத்தைச் சேர்ந்த பாலக்கின் தகவலையும் ஒரே அட்டவணையில் கலந்து வைத்திருந்தது. தமிழ்ப் பக்கங்கள் பலவற்றிலும் அந்தக் குழப்பம் இருப்பதால் முகவரை மட்டும் நோவதற்கில்லை. தாவரவியல் பெயரைக் கேள்வியிலேயே கொடுத்து, தேடலை எல்லா மொழிகளிலும் நடத்து, விடையைத் தமிழில் எழுது என்று சொன்ன பிறகு குழப்பம் தீர்ந்தது. கீரைக்கு மட்டுமல்ல, மீனுக்கும் மூலிகைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாவது சோதனை பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமா என்பது. காய்கறி, பழம் நிறைய உண்பவர்களுக்கு அந்த நோய் குறைவாக வருவதை, மக்களின் பழக்கங்களை வெறுமனே கவனித்துப் பார்க்கும் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியதால், அவற்றில் உள்ள பீட்டா கரோட்டின்தான் காரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இல்லையா என்று பார்க்க, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை, மாத்திரை பெறுவோர், பெறாதோர் எனக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதனை நடத்தினார்கள். 1994-இல் வெளியான முடிவு எதிர்மாறாக இருந்தது: மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரிடம், பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்து நடத்திய இன்னொரு சோதனையை, இதே போன்ற தீங்கு தெரிந்ததால் 1996-இல் முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

வெறுமனே கேட்டபோது முகவர், மாத்திரை விற்கும் கடையின் பக்கத்தையும் இந்தச் சோதனைகளையும் ஒரே தட்டில் வைத்து, ‘கருத்துகள் மாறுபடுகின்றன’ என்று நடுநிலை பேசியது. கண்காணிப்பு ஆய்வையும் குலுக்கல் முறைச் சோதனையையும் பிரித்துக் காட்டு, இரண்டும் முரண்பட்டால் எதற்கு முன்னுரிமை, ஏன் என்று எழுது என்று கட்டளையிட்டதும் விடை நேராயிற்று. ஆனால் அடுத்த பத்தியிலேயே ‘மாத்திரை எடுத்த நூறு பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் வந்தது’ என்று எழுதியிருந்தது. இது அபத்தம். பீட்டா கரோட்டின் பெற்ற சுமார் 14,500 பேரில் 474 பேருக்கும், பெறாத ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரில் 402 பேருக்கும் நோய் வந்தது என்பதே அந்த 18 சதவீதத்தின் பொருள்; அதாவது ஆயிரத்துக்குச் சுமார் ஐந்து பேர் கூடுதல். சதவீதம் வரும் இடத்திலெல்லாம் இரு பிரிவிலும் எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்ற முழு எண்களையும் கொடு என்பது அன்றிலிருந்து என் கட்டளையில் நிலையாக இடம்பெற்றுவிட்டது. பத்திரிகையில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது எடுத்துக்கொள்ளலாம். மனிதர்களும் இதே தவறைச் செய்கிறோம்.

இங்கே நானும் ஒரு தவறு செய்தேன். பீட்டா கரோட்டின் தந்த உற்சாகத்தில், ‘குலுக்கல் முறைச் சோதனைகளை மட்டுமே ஆதாரமாகக் கொள்’ என்று கட்டளையை இறுக்கிவிட்டு, வாந்திபேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பற்றிக் கேட்டேன். 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவி, ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் நீரில் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். முகாமில் சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவருடைய குழுவின் பராமரிப்பில் 3.6 சதவீதமாகக் குறைந்தது. முகவரோ இதைத் ‘தரம் குறைந்த சான்று’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. சாகக் கிடந்த மக்களை இரு பிரிவாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு மட்டும் கரைசல் கொடுக்கும் சோதனையை அந்த முகாமில் யார் நடத்தியிருக்க முடியும்? விளைவு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது குலுக்கல் இல்லாத சான்றும் வலுவான சான்றுதான். அந்த முகவர் தானாக யோசித்து அப்படிச் செய்யவில்லை, நான் சொன்னதைத்தான் செய்தது. அதனால் இந்தக் குறையை என் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன். சான்று வகைகளை வரிசைப்படுத்து, எதையும் விலக்காதே, விலக்கினால் காரணம் சொல் என்று பிறகு மாற்றிக்கொண்டேன்.

மூன்றாவது சோதனை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள். கோவிட் நோய்க்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுப்பது பற்றி லான்செட் மருத்துவ இதழில் 2020 மே 22 அன்று வெளியான கட்டுரை, 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகளைப் பற்றியது என்று சொல்லிக்கொண்டது. தரவுகளைச் சரிபார்க்கக் கொடுக்க முடியாமல் போனதால் ஜூன் 4 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் எழுதப்பட்ட செய்திகள் இன்றும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. முகவர் அவற்றில் ஒன்றை எடுத்து, மருந்தால் பலனில்லை என்ற முடிவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. பலனில்லை என்பது சரியான முடிவு. பிரிட்டனில் கோவிட் மருந்துகளைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்த ‘ரெக்கவரி’ சோதனை அதை நேர்மையாகக் காட்டியிருக்கிறது. முடிவு சரியாக இருந்ததால்தான் இந்தப் பிழை கண்ணில் படுவது கடினமாக இருந்தது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023-இல், ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையையும் அதில் சரிபார் என்று சொன்னால் முகவர் சரிபார்க்கிறது, சொல்லாவிட்டால் சரிபார்ப்பதில்லை. ஆய்வுக்கென்றே விற்கப்படும் ஒரு சேவை இதைத் தானாகச் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

இல்லாத ஆவணத்தை உருவாக்கிக் காட்டும் பழைய வியாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். நான் பயன்படுத்திய சேவையில் அவ்வளவு பச்சையான பொய் ஒன்றும் அகப்படவில்லை. சுட்டப்பட்ட பக்கங்கள் உண்மையாகவே இருந்தன. ஆனால் பக்கம் இருக்கிறது, சொன்ன செய்தி அந்தப் பக்கத்தில் இல்லை என்ற நிலை அடிக்கடி வந்தது. கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழுக் கட்டுரையையும் படித்தது போல எழுதுவது இதன் இன்னொரு வடிவம். கூற்றுக்கு ஆதாரமான மூல வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக் கொடு என்று கேட்பதே இதற்கு நான் கண்ட மருந்து. வாக்கியம் கைக்கு வந்துவிட்டால், அந்தப் பக்கத்தில் தேடிப் பார்க்க எனக்கு அரை நிமிடம் போதும். வாக்கியம் தர முடியாதபோது கூற்றும் பெரும்பாலும் நொண்டியாகத்தான் இருந்தது.

மாதச் சந்தா ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். ஒரு தலைப்பில் என்னென்ன ஆய்வுகள் இருக்கின்றன என்று திரட்டும் வேலை முன்பு எனக்கு இரண்டு நாள் எடுத்தது. இப்போது அரை நாளில் முடிகிறது, அதில் பெரும்பகுதியும் சரிபார்ப்பதற்கே போகிறது. அந்தச் சரிபார்ப்பைச் செய்யத் தெரிந்தவருக்கும் அதற்கு நேரம் உள்ளவருக்கும் இந்தப் பணம் வீணாகாது. அறிக்கையை வாங்கி அப்படியே வெளியிட நினைப்பவர்களுக்கும், வீட்டில் ஒருவருக்கு வந்த நோய்க்கு மருந்து தேடுபவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நான் நான்காம் மாதத்துக்கும் பணம் கட்டியிருக்கிறேன். கட்டளை முழுவதையும் ஒரு தாளில் அச்சிட்டு மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன், ஏனென்றால் புதிய உரையாடலைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.