சத்தம் ரெகுலேட்டர்ல, பறிபோனது செம்புக் கம்பி

அப்பா 1986-ல வாங்கி மாட்டுன ஃபேன். ஒத்தக் கையால தூக்க முடியாத கனம். போன வருஷம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சப்ப, செவுத்துல பெட்டி மாதிரி துருத்திக்கிட்டு இருந்த பழைய ரெகுலேட்டரைக் கழட்டிட்டு, சுவிட்ச் போர்டுக்குள்ளயே அடங்குற திருகு ரெகுலேட்டரை வச்சோம். அதுக்கப்புறம்தான் வேகத்தைக் குறைச்சா 'உய்ங்ங்'னு ஒரு முனகல். ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பாக்க எனக்குத் தோணல. ஃபேனுக்கு வயசாயிருச்சுன்னு விட்டுட்டேன்.

சித்திரைத் திருவிழா வந்துச்சு. அழகர் ஆத்துல இறங்குறதைப் பாக்க அத்தை வீட்டுல இருந்து எட்டுப் பேர் வர்றாங்க, அந்த ரூம்லதான் படுக்கணும். அவசரத்துல வில்லாபுரத்துலயே போர்டு பாத்து ஒரு கடைக்குப் போன் போட்டேன். வந்த பையன் ஒரே ஒரு தடவை சுவிட்சைப் போட்டான். "காயில் வெந்துருச்சுண்ணே, கடைக்குத்தான் கொண்டு போகணும்." காயில்னா மோட்டாருக்குள்ள சுத்தியிருக்குற கம்பி. மீட்டர் வைக்கல, ரெகுலேட்டர் பக்கமே போகல. வண்டியில வச்சுக் கட்டிட்டுக் கிளம்பிட்டான்.

ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. மாட்டிப் போட்டா எதிர்ப்பக்கமா சுத்துது! கீழ காத்தே இல்ல. "வயர் மாறிருச்சுண்ணே"ன்னு சிரிச்சுக்கிட்டே மாத்துனான். அங்கயே நான் சுதாரிச்சிருக்கணும். காயில் கட்ட 750, பேரிங் ரெண்டு 300, புது கெப்பாசிட்டர் (மோட்டார் சுத்த உதவுற சின்ன டப்பா) 120, கழட்டி மாட்ட 200, ஆக மொத்தம் 1370 ரூபாய். பில் கேட்டதுக்கு ஒரு அட்டையைக் கிழிச்சு எழுதிக் குடுத்தான்.

அன்னைக்கு ராத்திரியே அதே முனகல். "முன்னாடி சத்தம் மட்டும்தான்டா வந்துச்சு, இப்ப காத்தும் போச்சு"ன்னாங்க அம்மா.

திருவிழாக் கூட்டமெல்லாம் கிளம்புன பிறகு, செல்லூர்ல இருந்து தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். ஏணியே கேக்கல மனுஷன். வேகத்தைக் குறைச்சு வச்சு முனக விட்டுட்டு, சட்டுனு சுவிட்சை அமத்துனார். இறக்கை சுத்திக்கிட்டே இருக்கு, சத்தம் மட்டும் அந்த நொடியே நின்னுருச்சு. "பேரிங் சத்தம்னா சுத்தி நிக்கிற வரைக்கும் கூடவே வரும் தம்பி. இது கரண்டு சத்தம்." அடுத்து ஃபுல்லா திருகுனார், முனகல் காணோம். பிரச்சினை அந்தத் திருகு ரெகுலேட்டர்தான். அது கரண்டை வெட்டி வெட்டி அனுப்புதாம், காயில் அதுக்குத்தான் முனகுதாம். நம்பர் நம்பரா மாத்துற, கெப்பாசிட்டர் வச்ச ரெகுலேட்டரை 280 ரூபாய்க்கு வாங்கி மாட்டுனார். முனகல் போச்சு.

ஆனா வேகம் வரல. மேல ஏறி கப்பை இறக்கிப் பாத்தா, 'புது' கெப்பாசிட்டர் மேல நான் முன்னாடி சுத்துன மஞ்சள் டேப் அப்படியே இருக்கு! மேல 2.5னு போட்டிருக்கு, மீட்டர்ல 1.7தான் காட்டுச்சு. அதை மாத்துனதும் வேகம் கொஞ்சம் ஏறுச்சு. இருந்தும் மோட்டார் கை வைக்க முடியாத சூடு. அவருக்குச் சந்தேகம் வந்து, இறக்கிப் பிரிச்சார். காயில் பாக்க செம்பு நிறம்தான். பிளேடால லேசா சுரண்டுனா உள்ள வெள்ளை. அலுமினியம்!

இப்ப வர்ற விலை குறைஞ்ச ஃபேன்ல அலுமினியக் காயில் இருக்கத்தான் செய்யுது, அதுல தப்பில்ல. ஆனா செம்பு இருந்த இடத்துல அலுமினியம் போட்டா கம்பி அதைவிடத் தடிமனா இருக்கணுமாம். அதே தடிமன்ல சுத்துனா சூடேறத்தான் செய்யும்னார். நியாயமாச் சொல்லணும்னா, பேரிங் ரெண்டும் நிஜமாவே புதுசு. என்ன, பழைய பேரிங்ல ஒரு கோளாறும் இல்ல.

இந்த வெயில்ல உங்க வீட்டுலயும் யாராவது "காயில் போச்சு"ன்னு சொன்னா, அந்தச் சுவிட்ச் சோதனையையும், ஃபுல்லா திருகிப் பாக்குறதையும் முதல்ல அவங்க கண்ணு முன்னாடியே செஞ்சு பாருங்க. கெப்பாசிட்டரை மீட்டர்ல வைக்கச் சொல்லுங்க. நிஜமாவே காயில் கட்டணும்னா, செம்பா அலுமினியமான்னு பில்லுல எழுதி வாங்குங்க, பிரிச்ச பழைய கம்பியையும் கையோட கேளுங்க. பழைய செம்பை எடைக்குப் போட்டா நல்ல காசு.

நான் அந்த அட்டையை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். "நாங்க செம்புன்னு சொல்லவே இல்லையேண்ணே"ன்னார் ஓனர். அட்டையிலயும் வெறும் 'காயில்'னுதான் இருக்கு. கெப்பாசிட்டர் காசு 120-ஐ மட்டும் திருப்பிக் குடுத்தார். பழைய கம்பி எங்கன்னு கேட்டதுக்கு, "அதையெல்லாம் யாருண்ணே கேப்பாய்ங்க"ன்னார்.