மீளாய்வுக் கட்டுரையை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது?

மன்னார் வளைகுடாவில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியைப் பற்றி ஒரு மீளாய்வுக் கட்டுரை, அதாவது இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கட்டுரை, எழுத நானும் என் மாணவியும் உட்கார்ந்தோம். கராஜீனன் என்ற கூழ்மப்பொருளுக்காக மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் வெளியூர்ப் பாசி அது. 2008-இல் கரண்ட் சயின்ஸ் இதழில், அது குருசடைத் தீவுப் பக்கம் பவளங்களின் மேல் படர்ந்திருப்பதைக் காட்டி ஒரு கட்டுரை வந்தது. கரையோரப் பெண்களின் பிழைப்பா, பவளத்துக்குக் கேடா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மீளாய்வுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடைக்காது என்று நினைத்து 14,000 சொற்கள் எழுதித் தள்ளினோம். அதற்குப் பிறகுதான் எங்கே அனுப்பலாம் என்று தேடினோம். முதலில் கண்ணில் பட்ட நல்ல இதழின் வரம்பு 6,000 சொற்கள்.

ஆய்வுக் கட்டுரை என்றால் சோதனையை முடித்துவிட்டு இதழ் தேடுவதில் பெரிய நட்டமில்லை. மீளாய்வில் அப்படி முடியாது. நீளம், வாதத்தின் போக்கு, மேற்கோள்களின் எண்ணிக்கை, படங்கள், யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பது எல்லாமே இதழைப் பொறுத்து மாறும். ஆகவே எழுதத் தொடங்கும் முன்பே வாசல்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் பின்னால் செய்ததை நீங்கள் முன்னால் செய்துகொள்ளலாம்.

முதல் வாசல், அழைத்தால் மட்டும் திறப்பது. ஸ்டான்ஃபோர்டில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த முர்ரே லக் 1932-இல் தொடங்கிய ஆனுவல் ரிவ்யூஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலாப நோக்கமில்லாத நிறுவனம்; எழுதுபவரிடம் காசு வாங்குவதில்லை; ஆனால் யார் எழுதுவது என்பதை அவர்களின் குழுவே முடிவுசெய்யும். நாமாகப் போய் நிற்க இடமில்லை. இதைப் பற்றி மேலே பேசவும் ஒன்றுமில்லை.

இரண்டாவது வாசலையும் பலர் இதோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள். 2000-இல் வரத் தொடங்கிய நேச்சர் ரிவ்யூஸ் குடும்பம், செல் பிரஸ்ஸின் டிரெண்ட்ஸ் வரிசை, இயற்பியலில் 1929 முதல் வரும் ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ் ஆகியவற்றில் பெரும்பகுதி அழைப்பின் பேரில் வருவதுதான். ஆனால் வாசலில் ஒரு மணி தொங்குகிறது. ஒரு பக்க முன்மொழிவை அனுப்பிக் கேட்கலாம். "நம்மை யார் சார் மதிப்பார்கள்?" என்று மாணவி கேட்டாள். மதிக்காவிட்டால் போவது ஒரு பக்கக் கடிதம். முழுக் கட்டுரையை எழுதி அனுப்பித் திருப்பிவாங்கினால் போவது ஓர் ஆண்டு. அதோடு, முழுக் கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது நெறிமீறல். விசாரிக்கும் கடிதத்துக்குப் பொதுவாக அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அந்த ஒரு பக்கம்தான் இந்த வேலையிலேயே கடினமானது. எங்கள் முதல் வரைவு, "கப்பாஃபைகஸ் பொருளாதார முக்கியத்துவம் வாய்ந்த சிவப்புப் பாசி" என்று தொடங்கியது. பதிப்பாசிரியருக்கு அது தெரியாதா? அடித்துவிட்டு இப்படி எழுதினோம்: "வளர்ப்பு ஆய்வுகளும் பவள ஆய்வுகளும் ஒரே பாசியைப் பற்றி எதிரெதிராகப் பேசுகின்றன, அளந்த இடமும் பருவமும் ஆழமும் வேறுபடுவதே அதற்குப் பெருங்காரணம் என்பது எங்கள் வாதம்." இப்போது படிப்பவருக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. அதன்பின் ஏன் இப்போது, முன்பே வந்த மீளாய்வுகளிலிருந்து இது எங்கே விலகுகிறது, எழுத எங்களுக்கு என்ன தகுதி என்று மூன்று சிறு பத்திகள். தகுதிப் பத்தியில் பட்டங்களை அடுக்காமல், மண்டபத்தில் எத்தனை பருவம் தண்ணீரில் இறங்கி வேலை செய்தோம் என்று எழுதினோம்.

மூன்றாவது வாசல், கல்விக்கழகங்களின் இதழ்கள். நம் நாட்டிலேயே இருப்பதால் நம் கண்ணுக்கே மதிப்புக் குறைந்துபோனவை. கரண்ட் சயின்ஸ் பிறந்ததும் அதே 1932-இல்தான், பெங்களூரில்; சி. வி. ராமனுக்கு அதில் பங்கு உண்டு. அவர் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ் இன்று ஸ்பிரிங்கருடன் சேர்ந்து வருகிறது. யாரும் காசில்லாமல் படிக்கும்படி வெளியிடும் திறந்த அணுக்கம் வேண்டாம் என்றால் கட்டணம் இல்லை. குறை என்ன? இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்று காட்டும் தாக்கக் காரணி என்ற எண் சிறியது, பதில் வரப் பொறுமை வேண்டும். நிறை ஒன்று உண்டு, அதை எந்த எண்ணும் காட்டாது: இங்கே மதிப்பீட்டாளராக வருபவர் மண்டபத்தையும் பாக் நீரிணையையும் வரைபடத்தில் தேட வேண்டிய ஆளாக இருக்கமாட்டார். எங்கள் பொருளைப் பற்றிய விவாதமே இங்கேதான் நடந்தது. வாசகரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

நான்காவது வாசல், காசு கொடுத்தால் விரியத் திறப்பது. சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை பதிப்புக் கட்டணம். ஏழை நாடுகளுக்கான தள்ளுபடிப் பட்டியல்களில் இந்தியா பெரும்பாலும் இருக்காது. ஆகவே முழுத் தொகையும் நம் தலையில்தான். பலருக்கு அது ஆய்வு உதவித்தொகையில் பல மாதத்துப் பணம்.

இந்த வாசலில் நின்று கூப்பிடுபவர்களுக்குக் குறைவே இல்லை. பாசியைத் தவிர வேறெதையும் தொடாத என் மாணவிக்கு, நானோ பொருள்கள் பற்றிய சிறப்பிதழுக்கு "மதிப்புமிகு பேராசிரியரே" என்று ஒரு அழைப்பு வந்தது. பத்தே நாளில் முடிவு சொல்வார்களாம். அவள் அப்போது முதலாண்டு ஆய்வு மாணவி. கடிதத்தை அச்செடுத்து ஆய்வகக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டிவைத்திருக்கிறாள்.

வேகத்தின் விலையை நாடே, உலகமே பார்த்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் நிறுவனத்தின் இதழ் ஒன்றில் விந்தணுத் தண்டுசெல்கள் பற்றி வந்த ஒரு மீளாய்வுக் கட்டுரையில், செயற்கை நுண்ணறிவு வரைந்த எலிப் படம் இருந்தது. உடலைவிடப் பெரிதாக உறுப்பு, அருகில் எந்த மொழியிலும் இல்லாத சொற்களில் குறிப்புகள். மதிப்பீட்டாளர்களைத் தாண்டி அது அச்சேறியது. சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. ஹிந்தாவி இதழ்களில் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பெயரையே கைவிடுவதாக உரிமையாளரான வைலி அறிவித்தது. அவற்றில் எழுதிய நேர்மையான ஆய்வாளர்களும் இருந்தார்கள். அவர்களின் கட்டுரையும் அதே பெயர்ப்பலகையின் கீழ்தான் நிற்கிறது.

இதனால் திறந்த அணுக்கமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. வனத்துறை அலுவலரும் மீனவர் சங்கத்துக்காரரும் எங்கள் கட்டுரையைக் காசில்லாமல் படிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்ததில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இல்லை. தமிழ்நாட்டில் எத்தனை பேர் தனியார் கல்லூரிகளில் படிக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால், பூட்டிய கட்டுரையின் வாசகர் வட்டம் எவ்வளவு சுருங்கும் என்று புரியும். கட்டணம் வாங்கும் இதழைத் தேர்ந்தாலும் தவறில்லை. நம்பகமான திறந்த அணுக்க இதழ்களைத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், அதோடு கடந்த ஆண்டு அங்கே வந்த மீளாய்வுகளில் மூன்றை முழுக்கப் படியுங்கள். மூன்றும் சலித்தால் உங்கள் கட்டுரையும் அங்கே சலிப்பின் நடுவில்தான் கிடக்கும்.

"பல்கலைக்கழக மானியக் குழுப் பட்டியலில் இருக்கிறதா?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். குழு ஏற்ற இதழ்களின் அந்தக் கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது இதழின் தரத்தை எடைபோடுவது அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் கல்லூரி என்ன விதி வைத்திருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதழில் வரும் முன்பே கட்டுரையை முன்பதிப்பாக இணையத்தில் போட்டுவிடலாமே என்ற யோசனையும் வந்தது. உயிரியலுக்கான முன்பதிப்புத் தளமான பயோஆர்க்கைவ், படித்ததை வைத்து வாதமாக எழுதும் விவரணை மீளாய்வுகளை ஏற்பதில்லை. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் முன்பதிப்புகளுக்கான ஆர்க்கைவ் தளமும் 2025 அக்டோபர் முதல், கணினி அறிவியல் மீளாய்வுகளைச் சக ஆய்வாளர் மதிப்பீடு முடிந்த பிறகே ஏற்பதாகச் சொல்லிவிட்டது. இயந்திரத்தால் எழுதிக் குவித்தவை வந்து கொட்டியதால்.

வாசலைப் போலவே கட்டுரையின் வகையும் ஒரு தேர்வுதான். விவரணை மீளாய்வில் நாம் படித்ததை வைத்து வாதம் கட்டலாம், கை சுதந்திரமாக ஓடும், மூத்தவர் எழுதினால் மதிப்பு, இளையவர் எழுதினால் "இவற்றை ஏன் விட்டீர்கள்?" என்ற கேள்வி. முறைசார் மீளாய்வில் எங்கே, எந்தச் சொற்களால், எந்த நாளில் தேடினோம், எதை ஏன் விலக்கினோம் என்று கணக்கு ஒப்படைக்க வேண்டும். வேலை பல மடங்கு. ஆனால் பெயர் தெரியாத ஆய்வகத்துக்கு அந்தக் கணக்குதான் பரிந்துரைக் கடிதம். நான் இரண்டாவதன் பக்கம்.

தேடும்போது எங்களுக்கு ஒரு பாடம். கப்பாஃபைகஸ் என்ற பெயரை மட்டும் போட்டுத் தேடினோம். பழைய கட்டுரைகள் சொற்பமாக வந்தன. இந்தப் பாசிக்கு 1985-இல் வைத்த பெயர் யூக்கியூமா ஆல்வரேசியை. 1988-இல்தான் கப்பாஃபைகஸ் ஆயிற்று. வணிகர்கள் வாயில் அது இன்றும் காட்டோனி. மூன்று பெயர்களையும் 'அல்லது' போட்டு இணைத்த பிறகுதான் பழைய வளர்ப்புச் சோதனைகள் வெளியே வந்தன. உங்கள் உயிரிக்கோ வேதிப்பொருளுக்கோ இப்படிப் பழைய பெயர் இருந்தால், தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

விதிமுறைப் பட்டியலிலும் தடுக்கி விழுந்தோம். முறைசார் மீளாய்வில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் காட்டும் பிரிஸ்மா 2020 பட்டியலில் 27 அம்சங்கள். மருத்துவ மீளாய்வுக்கு அதுதான் நடைமுறை. திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்ய யார்க் பல்கலைக்கழகத்தின் பிராஸ்பெரோ பதிவேடு இருக்கிறது. ஆனால் உடல்நலம் சார்ந்த விளைவு இல்லாத தலைப்பை அது ஏற்காது. பவளத்தின் நலம் அதில் சேர்த்தியில்லை. சுற்றுச்சூழல் ஆய்வுகளுக்கு ரோசஸ் என்ற தனி விதிமுறை 2018-இல் வந்திருக்கிறது. நாங்கள் அதைப் பின்பற்றினோம்.

கருவிகளில் அதிகம் யோசிக்க வேண்டாம். சமன்பாடு நிறைந்த இயற்பியல் என்றால் லேடெக் என்ற அச்சமைப்பு மென்பொருள். எங்களைப் போன்றவர்களுக்கு வேர்டு போதும், திருத்தக் குறிப்புகளை எல்லோராலும் திறந்து பார்க்க முடியும். மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருள்களில் எண்ட்நோட் காசு கேட்கும், மெண்டலி 2013 முதல் எல்செவியர் கையில், ஜோட்டெரோ இலவசம். இலவசத்துக்காக மட்டும் அதை நான் சொல்லவில்லை. நாம் சேர்த்துவைத்த கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால் அது சிவப்பாக எச்சரிக்கும். செத்த கட்டுரையின் மேல் மீளாய்வு கட்டுவதைவிட அவமானம் வேறு இல்லை.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் மீளாய்வுக்காரருக்கு ஆபத்து அதிகம்; பிறர் சொன்னதையே சொல்கிறோம் அல்லவா. மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீத ஒப்புமை வரை தண்டனையில்லை. ஆனால் வாக்கியத்தைப் புரட்டிப்போட்டு எண்ணைக் குறைப்பது எழுத்தல்ல. ஒவ்வொரு கட்டுரையையும் மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து மூன்று வரி எழுதச் சொன்னேன். பிறகு திறந்து எண்களை மட்டும் சரிபார்த்தாள். படங்களிலும் இதே கதை: ஒரு தீவு வரைபடத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தோம். பதிப்பகத்திடம் அனுமதி கேட்டால் கட்டணம். தரவைக் கொண்டு நாங்களே புதிதாக வரைந்தோம். பழையதைவிடத் தெளிவாகவே வந்தது.

முன்மொழிவுக் கடிதத்தை முதலில் அனுப்பிய வெளிநாட்டு இதழ் இரண்டே வரியில் மறுத்தது. அடுத்து, கட்டணம் கேட்காத ஒரு கழக இதழுக்கு அதே கடிதத்தில் முதல் பத்தியை மட்டும் மாற்றி அனுப்பினோம். "அனுப்புங்கள். இடம், மாதம், ஆழம் மூன்றையும் ஒவ்வொரு ஆய்வுக்கும் காட்டும் அட்டவணை ஒன்று வேண்டும்" என்று பதில் வந்தது. 14,000 சொற்களில் பாதிக்கு மேல் அந்த அட்டவணைக்குள் அடங்கிவிட்டன. மாணவி நிரப்பிக்கொண்டே வந்தவள் ஒரு நாள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஆழம் என்ற நெடுவரிசையில் அடுத்தடுத்துக் காலிக் கட்டங்கள். மூலக் கட்டுரைகளில் அந்தத் தகவலே இல்லை. "இதை என்ன செய்வது சார்?" என்றாள். அந்தக் கட்டங்களைக் காலியாகவே அச்சிட அனுப்பியிருக்கிறோம்.