'ஜப்பான் விண்டேஜ்' கிட்டார் மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

ஜப்பானில் இருக்கும் நம் ஆட்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். தனிநபர்கள் பழைய சாமான் விற்கும் செயலி ஒன்றில் 68,000 யென் கொடுத்து கிரெகோ என்ற ஜப்பான் பிராண்டின் கிட்டார் ஒன்றை வாங்கினேன், அமெரிக்க கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் மாடலைப் பார்த்துச் செய்த வகை. 1979-இல் செய்தது என்று விற்றவன் போட்டிருந்தான். வந்து சேர்ந்தது நெக், அதாவது கழுத்து, முறிந்து ஒட்டப்பட்ட ஒரு கட்டை.

ஜப்பான் கிட்டார்களை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்து கிரெகோவை மட்சுமோட்டோவின் ஃபுஜிகென் ஆலை செய்தது. எழுபதுகளின் நகல்கள் அவ்வளவு தரமாக வந்ததால்தான் கிப்ஸனின் தாய் நிறுவனம் நார்லின், அமெரிக்காவில் இபானெஸ் என்ற ஜப்பான் கிட்டார்களை விற்றவர்கள்மேல் 1977-இல் ஹெட்ஸ்டாக் (கிட்டாரின் தலைப்பகுதி) வடிவத்துக்காக வழக்கே போட்டது. அந்தப் பெயரை வைத்துத்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள். 'லாசூட்', அதாவது வழக்கு, என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எதையும் விற்றுவிடலாம்.

நெக் எப்படி இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே கேட்டேன். "கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. அப்பா வாசித்தது, அலமாரியில் பத்திரமாக இருந்தது" என்றான். அப்பா என்று சொன்ன பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? பெட்டியும் அழகாகத்தான் சுற்றி வந்தது. ஆம்ப்பில் போட்டேன், சத்தம் வந்தது. உடனே அவனிடமிருந்து செய்தி: "மருத்துவச் செலவு இருக்கிறது, பெற்றுக்கொண்டேன் என்று சீக்கிரம் மதிப்பீடு கொடுக்க முடியுமா?" பாவம் என்று அழுத்தினேன். அழுத்திய நொடியில், அதுவரை செயலி பிடித்து வைத்திருந்த 68,000 யென் அவன் கணக்குக்குப் போய்விட்டது.

புது ஸ்ட்ரிங் மாற்றி முழு இழுவையில் சுருதி சேர்த்ததும் நெக் வில்லாக வளைந்தது. ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், நெக்கை நேராக வைக்க உள்ளே ஓடும் கம்பியின் (டிரஸ் ராட்) நட் கடைசிவரை முறுக்கப்பட்டு, முனைகள் மழுங்கிக் கிடக்கின்றன. இனி ஒரு சுற்றுகூட இறுக்க வழியில்லை. டோக்கியோவில் இசைக்கருவிக் கடைகள் நிறைந்த ஒச்சனோமிசுவில் பழுது பார்ப்பவர் புற ஊதா விளக்கைக் காட்டினார். ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே மட்டும் பெயின்ட் வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. முறிவை ஒட்டி, மேலே கறுப்பு அடித்திருக்கிறார்கள். வரிசை எண் இருக்க வேண்டிய பின்பக்கமும் அதே பெயின்ட்டுக்குள் போய்விட்டது. சரிசெய்யக் கேட்ட தொகை, கிட்டாரின் விலையை நெருங்குகிறது.

விற்றவனைக் கேட்டால், அனுப்பும்போது நன்றாக இருந்தது, ஈரப்பதத்தில் வளைந்திருக்கும் என்கிறான். ஈரப்பதம் வந்து பெயின்ட் அடித்துவிட்டுப் போகுமா? அடுத்த செய்தி, "பரிவர்த்தனை முடிந்துவிட்டது." அப்புறம் பிளாக். செயலிக்காரர்களுக்குப் படங்களோடு எழுதினேன்; முடிந்த பரிவர்த்தனை, உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று அச்சடித்த பதில். மறுபடி எழுதினேன், அதே பதில், கமா மாறாமல். நுகர்வோர் உதவி எண் 188-இல் பொறுமையாகத்தான் கேட்டார்கள், ஆனால் தனிநபர் தனிநபருக்கு விற்றதில் நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம் வராதாம். 68,000 யென்! அந்த ஆள் இன்றைக்கும் கிட்டார் விற்றுக்கொண்டிருக்கிறான்.

வாங்கலாமா என்று கேட்டால், நேரில் பார்த்தால் மட்டும் வாங்கலாம். ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கப் படமும் மூடி கழற்றிய படமும் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். 'ஜங்க்' (பழுதாக இருக்கலாம் என்று சொல்லியே விற்பது) என்று போட்டிருந்தால் திருப்பித் தருவது பெரும்பாலும் நடக்காது. அறுபதுகளின் மலிவு கிட்டார்கள் பலவற்றில் சரிசெய்யக்கூடிய டிரஸ் ராடே கிடையாது, அவற்றில் நெக் வளைந்தால் அவ்வளவுதான். எவன் என்ன கதை சொன்னாலும், சுருதி சேர்த்து ஓர் இரவு வைத்துப் பார்க்காமல் அந்த மதிப்பீட்டுப் பொத்தானைத் தொடாதீர்கள்.