டேலி என்ட்ரி போடுறவங்க இந்த 84 கீ கீபோர்டு வாங்கலாமா?

மெக்கானிக்கல் கீபோர்டு, வயர்லெஸ், 84 கீ, மூவாயிரத்து சொச்சம் ரூபா. பிராண்டு பேரு வேணாம், இந்த சைஸ்ல வர்றது முக்கால்வாசி இதே மாதிரிதான் இருக்கு. ரிவ்யூ போடுறவங்க எல்லாம் கேம் ஆடி காட்டுறாங்க, லைட்டு எரியுறத காட்டுறாங்க, டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல உக்காந்து பில்லு போடுறவனுக்கு இது சரிப்படுமான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க, அதான் நானே எழுதிடலாம்னு. ஈரோட்டுல ஜவுளிக் கடைங்களுக்கு கணக்கு எழுதுற வேலை நமக்கு, காலைல உக்காந்தா கீபோர்டுல இருந்து கை எடுக்கறதே டீ வந்தாத்தான்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன், தட்ட சுகமா இருக்கு. ப்ரௌன் சுவிட்ச், பாதி இறங்கும்போதே விரலுக்கு சின்னதா ஒரு தட்டு தெரியுது, அடி வரைக்கும் குத்த வேண்டியதில்ல, ப்ளூ சுவிட்ச் மாதிரி டக் டக்னு சத்தமும் இல்ல. எழுத்து டபுள் ஷாட், அதாவது மேல பிரிண்ட் அடிச்சது கிடையாது, எழுத்தே வேற கலர் பிளாஸ்டிக்ல வார்த்தது, தேஞ்சு போற பேச்சே இல்ல. ஆபீஸ்ல பழசுல கண்ட்ரோல், ஏ ரெண்டு கீயும் மொட்டையா கெடக்கு, வவுச்சர் சேவ் பண்ண அது ரெண்டுதானே.

இப்ப மேல இருக்கற எஃப் 1, எஃப் 2 வரிசைக்கு வர்றேன், இங்கதான் கடுப்பு. டேலில எஃப் 4 கான்ட்ரா, 5 பேமென்ட், 6 ரிசீப்ட், 7 ஜர்னல், 8 சேல்ஸ், 9 பர்சேஸ், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவோம், கண்ணு பில்லுல இருக்கும் விரலு தானா போகும். இதுல எஃப் 8 அழுத்துனா சேல்ஸ் வராது, பாட்டு ஓடுது! எஃப் 12 கான்ஃபிகரேஷனுக்கு போனா சவுண்டு ஏறுது. கம்பெனிக்காரன் மீடியா கீயா வச்சு அனுப்பிருக்கான், எஃப்என் (Fn) கீயையும் எஸ்கேப்பையும் சேர்த்து கொஞ்ச நேரம் அமுக்கி புடிச்சா மாறிடும், ஆனா ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணி போட்டா மறுபடி பழையபடி பாட்டுக்கே போயிடுது. தெனமும் காலைல இந்த பூஜைய பண்ணிட்டுத்தான் வேலை.

நம்பர் பேடு இல்லங்கறது படத்த பாத்தாலே தெரியும், ஆனா அது என்ன கஷ்டம்னு என்ட்ரி போடுறவனுக்குத்தான் தெரியும். இடது கை விரல் பில்லுல வரிசையா இறங்கிட்டு இருக்கும், வலது கை மட்டும் 5 மேல இருக்கற மேட்டை தடவி பாத்து தொகைய அடிச்சு பெரிய என்டரை தட்டும், ஸ்கிரீனை பாக்கறதே அப்பப்பதான். மேல் வரிசைல நம்பர் அடிக்கணும்னா ரெண்டு கையும் வேணும், பில்லை யாரு புடிக்கறது? தனியா யூஎஸ்பி நம்பர் பேடு கெடைக்குது, வாங்கி பக்கத்துல மாட்டிட்டேன், ஓடுது, ஆனா அப்புறம் சின்ன கீபோர்டுன்னு பேரு எதுக்கு.

இதெல்லாம் கூட பழகிடும். பழகவே முடியாதது இந்த தூக்கம். கொஞ்ச நேரம் தொடலன்னா பேட்டரி மிச்சம் பண்ண கீபோர்டு தூங்கிடுது, எழுப்புறதுக்கு அடிக்கற மொத கீயை அப்படியே முழுங்கிடுது. லெட்டர் அடிக்கறவங்களுக்கு ஒரு எழுத்து போனா கண்ணுல பட்டுடும். 12500 அடிச்சா 2500ன்னு விழுந்தா? பார்ட்டி போன் பண்ணி கேக்கும்போதுதான் தெரியும். டைப் சி ஒயரை மாட்டிட்டா இந்த தொல்லை இல்ல, இப்ப ஒயர்லதான் ஓட்டுறேன், வயர்லெஸ்ஸுக்கு குடுத்த காசு தண்டம்.

எக்செல்ல இன்னொரு கூத்து. ஸ்க்ரோல் லாக் தனி கீயா இல்ல, எஃப்என்னோட சேர்த்து வச்சிருக்கான், தெரியாம பட்டுச்சுன்னா ஆரோ அழுத்தும்போது செல்லு நகராது, ஷீட்டே நகரும், அது ஆன்ல இருக்குன்னு காட்ட லைட்டும் கெடையாது. அப்படி ஆச்சுன்னா விண்டோஸ்ல ஆன் ஸ்க்ரீன் கீபோர்டை தொறந்து அதுல ஸ்க்ரோல் லாக்கை க்ளிக் பண்ணுங்க, சரியாயிடும்.

தமிழ் 99ங்கற தமிழ் கீபோர்டு முறைல தட்டுறவங்களுக்கு ஒண்ணு. எழுத்து கீ எல்லாம் எடத்துலயே இருக்கு, புள்ளி வர்ற எஃப் மேல மேடு நல்லாவே தெரியுது. ஆனா வலது ஷிஃப்ட்டை வெட்டி பக்கத்துலயே அப் ஆரோவை சொருகிட்டான். ஜ வேணும்னா ஷிஃப்டோட இங்கிலீஷ் E கீ, அதுக்கு சுண்டு விரல் வலது ஷிஃப்ட்டுக்குத்தான் போகும், போய் ஆரோ மேல விழுந்தா கர்சர் மேல் வரிக்கு ஓடிடும். ஜவுளி, ஜமக்காளம், ரஜாய்னு நாளெல்லாம் அடிக்கறவன் நெலமைய யோசிங்க.

கோடிங், கதை, காலேஜ் வேலைன்னா தாராளமா வாங்கலாம், டேபிள்ல எடமும் மிச்சம். கணக்கு வேலைக்கு 104 கீ இருக்கற ஃபுல் சைஸ் எடுங்க, 11ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, அதான் மாசாமாசம் போடுற ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு, தலைக்கு மேல நிக்கும்போது எஃப்என்னை தேடிட்டு இருக்க முடியாது. என் மார்க் 5க்கு 3, அந்த தூங்குற டைமை நாமளே மாத்திக்க ஒரு வழி குடுத்தா 4 போடுவேன்.