ஐ.டி.ஐ.யா, குறுகிய காலப் பயிற்சியா, பட்டறையா? பள்ளியை இடையில் விட்ட நெல்லைப் பிள்ளைகளுக்கான மூன்று வழிகள்

எட்டாம் வகுப்போடு நின்றவரும் பத்தில் தவறியவரும் நெல்லைச் சீமையில் தொழிலுக்கு வரும் வழிகள் முக்கியமாக மூன்று: அரசு தொழிற்பயிற்சி நிலையம் (ஐ.டி.ஐ.), சில மாதத் திறன் பயிற்சி, தெரிந்தவருடைய பட்டறை. எதில் சீக்கிரம் சம்பளம் வரும் என்பதையே வீடுகளில் முதலில் கேட்கிறார்கள். நின்றுபோன படிப்பை எந்த வழி மீண்டும் தொடரவிடும் என்பதையும் அதே அளவு அழுத்தமாகக் கேட்டாக வேண்டும்.

கைத்திறன் ஒன்றை மட்டும் பார்த்தால் பட்டறைக்கு ஈடில்லை. வெல்டிங் பட்டறையில் முதல் சில மாதங்கள் இரும்பு தூக்குவதிலேயே கழிந்தாலும், தகட்டின் கனத்துக்கேற்பக் கரண்டைக் கூட்டிக் குறைக்கவும், ராடின் சாய்வு சரியா என்பதைப் பற்றவைக்கும் ஓசையிலிருந்தே அறியவும் அங்கே பழகிவிடுகிறார்கள். ஆனால் அத்தனை அனுபவத்துக்கும் கையில் ஒரு தாளும் இருப்பதில்லை. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கேட்டுப் போகும்போதுதான் அந்தக் குறை தெரிகிறது. மேலும், 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பதும், 18 வயதுக்குள் ஆபத்தான தொழிலில் இறக்குவதும் சட்டப்படி குற்றம். ஏற்கெனவே பட்டறையில் தேர்ந்தவர்கள், உரிய வயதும் அனுபவமும் இருப்பின், ஐ.டி.ஐ. மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதிச் சான்றிதழ் பெறலாம். இந்த வாய்ப்பை மேஸ்திரிகளே தம்மிடம் வேலை செய்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

குறுகிய காலப் பயிற்சி சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் பெரியவர்களுக்கு உகந்தது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் 18 வயது கடந்தவர்களுக்குக் கட்டணமின்றித் தங்கிப் பயிலும் வசதியுடன் கற்றுக்கொடுத்து, கடன் பெறவும் உதவுகின்றன. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த வயதுக்கு ஐ.டி.ஐ.தான் சரி. பத்தில் தவறினால் பேட்டை அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களின் கதவே திறக்காது என்று பலர் நம்பியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வெல்டர் ஓராண்டில் முடிந்துவிடும், வயர்மேனுக்கு இரண்டாண்டு. எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுப் பிரிவை முடித்து, பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளில் மட்டும் தேர்ச்சி பெற்றால், தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். கணக்கில் மீண்டும் மீண்டும் தோற்றுப் பள்ளியையே வெறுத்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எதைச் சொல்ல முடியும்? பத்தில் தேறிய பிறகு படிப்பை விட்டவரோ, ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற இரண்டாண்டுப் பிரிவை முடித்து, பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஐ.டி.ஐ.யின் உண்மையான சுமை அந்த இரண்டு ஆண்டுகளின் வருமான இழப்பு. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் அம்மாவுக்குப் பக்கத்தில் பீடித்தட்டோடு உட்காரும் பெண் பிள்ளை, அன்றைக்கே வீட்டுச் செலவுக்கு ஏதோ ஒரு தொகையைச் சேர்க்கிறாள். அதை விட்டுவிட்டு வா என்று சொல்பவர் அதற்கு ஈடும் காட்ட வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, பேருந்து அட்டை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இரண்டும் சேர்ந்தாலும் வீட்டின் தேவை தீராது என்றாலும், அவளை வெளியே அனுப்பத் தயங்கும் தாயிடம் பேச்சைத் தொடங்க இது உதவும். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை என்பதால், பீடி சுற்றியே சில ஆண்டுகளைக் கழித்துவிட்ட அக்காவும் தங்கையோடு சேர்ந்தே விண்ணப்பிக்கலாம்.

ஐ.டி.ஐ. சேர்க்கைக்கான இணையவழிக் கலந்தாய்வைத் தவற விட்டவர்கள் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கத் தேவையில்லை. மீதமுள்ள இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும்போது, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கே சென்று சேரலாம்.