லாசாவா, ஆம்தோவா, செங்டேயா: ஒரு வாரத்தில் சீனமும் திபெத்தும்

விடுப்பு ஏழெட்டு நாள்தான். சீனத்தையும் பார்க்க வேண்டும், திபெத்தையும் பார்க்க வேண்டும். கொடி பிடித்தவர் பின்னால் நாற்பது பேரோடு ஓட முடியாது. நமக்கென்று ஒரு வண்டியும் ஒரு வழிகாட்டியும் வேண்டும். இப்படிக் கேட்பவர்களுக்குப் பயண முகவர்கள் நீட்டும் திட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: பெய்ஜிங்கிலிருந்து திபெத்தின் தலைநகர் லாசாவுக்கு விமானம், ஷினிங்கிலிருந்து லாசாவுக்கு ரயில், லாசாவுக்கே போகாமல் சிங்ஹாய், கான்சு மாகாணங்களின் திபெத்தியப் பகுதியான ஆம்தோவில் ஷினிங், ரெப்கோங், லப்ராங், மலையே ஏறாமல் பெய்ஜிங்கும் அதற்கு அருகிலுள்ள செங்டேயும்.

கயிலாயத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். திபெத் என்றதும் நம்மவர்கள் மனம் அங்கேதான் போகும். ஆனால் லாசாவிலிருந்து மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் போக வேண்டும். மலையைச் சுற்றும் பாதை 52 கி.மீ., அதில் டோல்மா கணவாய் 5,630 மீட்டர். இரண்டு வாரம் இல்லாமல் அந்தப் பேச்சு வேண்டாம். ‘எட்டு நாளில் லாசாவும் கயிலாயமும்’ என்று யாராவது சொன்னால் அந்த முகவரை விட்டு விலகிவிடுங்கள்.

அனுமதிச் சீட்டு

லாசா போகும் இரு திட்டங்களுக்கும் பொதுவான தலைவலி இது. சீன விசா கையில் இருந்தாலும் வெளிநாட்டார் திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் தம்பாட்டுக்குப் போய்விட முடியாது. உரிமம் பெற்ற நிறுவனம், வழிகாட்டி, வண்டி, நாள்வாரித் திட்டம் எல்லாம் முடிவான பிறகே திபெத் பயண அனுமதி கிடைக்கும். பாஸ்போர்ட், விசா நகல்கள் குறைந்தது மூன்று வாரம் முன்பே நிறுவனத்தின் கைக்குப் போய்விட வேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் சீனாவுக்குள் போகலாம். இந்த அனுமதி அவர்களுக்கும் வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசாவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். விண்ணப்பித்த பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், சீட்டு செல்லாது. விமானத்துக்கு அசல் தாளைக் கேட்பது வழக்கம், ரயிலுக்கு நகல் போதும். அதனால் விமானத் திட்டத்தில் அந்தத் தாள் நீங்கள் முதலில் தங்கும் ஓட்டலுக்குக் கூரியரில் வந்து சேர வேண்டும். ஓட்டல் பதிவில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இல்லையென்றால் வரவேற்பறையில் உறையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தந்தை பெயரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற நம் ஊர்க் குழப்பம் இங்கே நன்றாகவே கடிக்கும். மூன்றாவது, மாதம். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும் வரை வெளிநாட்டாருக்கு அனுமதி நிறுத்தப்படுவது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடப்பது.

இன்னொன்று: லாசாவில் ‘தனிப்பட்ட சுற்றுலா’ என்றால் வண்டியும் வழிகாட்டியும் உங்களுக்கு மட்டும் என்று பொருள், இஷ்டப்படி சுற்றலாம் என்று பொருள் இல்லை. நினைத்த நேரத்தில் ஊர் எல்லை தாண்ட முடியாது. லாசாவுக்கு மேற்கே ஷிகாட்சே நகர்ப் பக்கம் போவதென்றால் அங்கே தனியாக இன்னோர் அனுமதி. தலாய் லாமா படத்தை எடுத்துப் போவதும் வழிகாட்டியிடம் அரசியல் கேட்பதும் வேண்டாம். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், மாட்டிக்கொள்வது அவர்தான்.

விமானமா, ரயிலா

லாசா 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோர ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பெய்ஜிங்கிலிருந்து பறந்தால் நாலைந்து மணி நேரத்தில் தரைமட்டத்திலிருந்து அந்த உயரத்துக்குப் போய் இறங்குகிறீர்கள். அன்று மாலை தலைவலி, குமட்டல், இரவு தூக்கமின்மை எல்லாம் சாதாரணம். அதனால் முதல் நாளும் இரண்டாம் நாளில் பாதியும் கணக்கில் வராது. ‘லாசா 3 நாள்’ என்று போட்டிருந்தால் ஒன்றரை நாள் என்று படியுங்கள்.

ரயிலில் போனால் உடம்பு மெல்ல மெல்லப் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. ஷினிங்கிலிருந்து லாசா 1,956 கி.மீ., சுமார் 21 மணி நேரம். வழியில் வரும் கோல்முட் நகரம் 2,800 மீட்டர். அதற்குப் பிறகு வண்டி விறுவிறுவென்று ஏறுகிறது. ஏறத்தாழ 960 கி.மீ. தூரம் 4,000 மீட்டருக்கு மேலே ஓடி, தாங்லா கணவாயில் 5,072 மீட்டரைத் தொட்டுவிட்டு லாசாவுக்கு இறங்குகிறது. இது படிப்படியான ஏற்றம் இல்லை. பெட்டிக்குள் ஆக்சிஜன் கலந்து விடுகிறார்கள், படுக்கைக்கு அருகே குழாய் செருகும் துளையும் உண்டு. ஆனால் விமானத்தைப் போலக் காற்றழுத்தம் கூட்டப்பட்ட பெட்டி அல்ல. ரயிலைக் காட்டிலும் உடம்பைப் பழக்குவது ரயிலுக்கு முன்னால் 2,275 மீட்டர் உயரமுள்ள ஷினிங்கில் தங்கும் இரண்டு இரவுகள்தான். அதை வெட்டிவிட்டு, வந்த அன்றே ரயிலேற்றும் திட்டங்களை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரயிலுக்காகவே ரயிலில் போவதென்றால் புறப்படும் நேரத்தைப் பாருங்கள். தாங்லா வருவது கிளம்பிய 13, 14 மணி நேரத்தில். இரவு எட்டு மணியை ஒட்டிக் கிளம்பும் வண்டியென்றால் அந்தக் கணவாயைப் பகலில் பார்க்கலாம். மதியம் கிளம்பினால் மேட்டுநிலத்தின் அழகான பகுதியெல்லாம் இருட்டில் போய்விடும். முகவர் காட்டும் படம் என்னவோ பகலில் எடுத்ததாகத்தான் இருக்கும். பெட்டியில் ‘தனிப்பட்ட’ என்ற சொல்லுக்கும் இடமில்லை. மென்படுக்கை அறையில் நான்கு பேர், வன்படுக்கையில் ஆறு பேர். டிக்கெட் பாஸ்போர்ட்டுக்கு ஒன்றுதான் என்பதால் இருவராகப் போய் அறை முழுவதையும் பிடிக்க முடியாது. முன்பதிவு 15 நாளுக்கு முன் திறக்கும். ஜூலை, ஆகஸ்டில் கிடைப்பது அரிது. திரும்பும்போது லாசாவிலிருந்து பறந்துவிடுங்கள்.

உயரத்துக்கான அசிட்டசோலமைடு மாத்திரையைப் பலரும் ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து 125 மி.கி. காலை, மாலை எடுப்பார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, ஆகவே மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

லாசாவில் எதற்காக இந்தப் பாடு

தலாய் லாமாக்களின் அரண்மனையான பொட்டாலாவுக்காகவும் ஜோகாங் கோயிலுக்காகவும். 1645இல் ஐந்தாம் தலாய் லாமா தொடங்கிய பொட்டாலா 13 அடுக்கு, ஆயிரம் அறைக்கு மேல். ஏறுவதற்கு முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். மூன்றாம் நாள் காலைக்கு வையுங்கள். முதல் நாள் கால் அசையாது. டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும். தண்ணீர் பாட்டிலை வாசல் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள், முன்னாலேயே குடித்துவிடுங்கள். உள்ளே சுற்ற ஒரு மணி நேரம்தான், படம் எடுக்கக்கூடாது. கூரைக்குக் கீழே ஓடும் அடர்சிவப்புப் பட்டையைப் பெரும்பாலோர் பூச்சு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அது குச்சிச் சுவர். மெல்லிய புதர்க் குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, வெட்டிய முனை வெளியே தெரிய அடுக்கிச் சாயம் ஏற்றியது. மேல்தளத்தின் பாரம் குறையும். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குச்சியின் வட்டமும் தெரியும்.

ஜோகாங்குக்கு வெளியே பார்க்கோர் வீதியில் வலம் வரும் கூட்டத்தோடு வலஞ்சுழியாக நடங்கள். எதிர்த்து நடப்பது நம் கோயில் பிரகாரத்தில் எப்படி உறுத்துமோ அப்படித்தான் அங்கும். செரா மடத்தில் துறவிகள் கை தட்டி வாதிடுவது பிற்பகலில் நடக்கும்; ஞாயிறு இல்லை. திட்டத்தில் செரா ஞாயிறன்று விழுந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

ஆம்தோ: ஒரு வாரத்துக்கு இதுதான்

இங்கே வரும்போது தராசு ஒரு பக்கம் சாய்கிறது. சிங்ஹாய், கான்சு மாகாணங்களில் உள்ள திபெத்தியப் பகுதிக்குத் திபெத் பயண அனுமதி தேவையில்லை. வழிகாட்டி கட்டாயமில்லை, பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்தலாம். உயரமும் படிக்கட்டு போல ஏறுகிறது: ஷினிங் 2,275, ரெப்கோங் ஏறக்குறைய 2,500, லப்ராங் உள்ள ஷியாஹே 2,900 மீட்டர். 3,000 மீட்டரைத் தாண்டாமல் இரவு தங்குவதால் பெரும்பாலோர்க்கு மாத்திரையே வேண்டியிருக்காது. ஷினிங்கில் இரண்டு, ரெப்கோங்கில் ஒன்று, ஷியாஹேவில் இரண்டு, லான்ஜோவில் ஒன்று என்று ஆறு இரவு போதும், ஒரு நாளும் வீணில்லை.

ஷினிங்கிலிருந்து 25 கி.மீ.யில் கும்பும் மடம், தலாய் லாமாக்களின் கெலுக் மரபை நிறுவிய சோங்கபா 1357இல் பிறந்த இடம். இங்கே யாக் வெண்ணெய்ச் சிற்பங்களைப் பாருங்கள். கைச்சூட்டில் வெண்ணெய் உருகாமலிருக்கத் துறவிகள் குளிர்காலத்தில் விரல்களை ஐஸ் தண்ணீரில் முக்கி முக்கிச் செய்கிறார்கள். மடத்தில் பகலில் சுற்றுலாக் கூட்டம் நெரியும். காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள்.

ரெப்கோங், சீனப் பெயரில் தோங்ரென், தங்கா எனும் துணியில் வரையும் புத்த ஓவியங்களைத் தீட்டுபவர்களின் ஊர். இக்கலை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வூதுன் கிராமத்து வீடுகளில் ஓவியர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். இவர்கள் பேசும் மொழியே சீனமும் திபெத்தியமும் மங்கோலியச் சாயலும் கலந்த ஒன்று. இரண்டு பண்பாடும் எங்கே சந்திக்கின்றன என்று தேடி வருபவர்களுக்கு அருங்காட்சியகம் எதுவும் இதற்கு ஈடாகாது. பருத்தித் துணியைச் சட்டத்தில் கயிற்றால் இழுத்துக் கட்டி, சுண்ணப்பொடியும் விலங்குப் பசையும் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதன் மேல் அளவுக்கோடு, பிறகு அரைத்த கனிம வண்ணம், கடைசியில் கண்.

வாங்குவதாக இருந்தால் ஏமாற்று வேலையும் இங்கேதான். அச்சடித்த துணியின் மேல் தூரிகையால் தொட்டுக் கொடுப்பது பெருகிவிட்டது. செல்போன் கேமராவைப் பெரிதாக்கி ஆடையின் மடிப்புகளைப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளி வரிசை தெரிந்தால் அச்சு. சாய்த்துப் பிடித்தால் கனிம வண்ணம் மேடாக, பொடிப்பொடியாகத் தெரியும். அச்சு தட்டையாகப் பளபளக்கும். வழிகாட்டி ஒரே கடைக்கு இரண்டு முறை வண்டியைத் திருப்பினால் காரணம் உங்களுக்கே தெரியும்.

1709இல் நிறுவப்பட்ட லப்ராங் மடம் இந்தத் திட்டத்தின் உச்சம். தத்துவம், மருத்துவம், காலசக்கரம் என்று கல்லூரிகள், சுற்றிலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் பிரார்த்தனை உருளைகள் வரிசையாக நிற்கும் வலப்பாதை. பொட்டாலா இன்று பெரும்பாலும் அருங்காட்சியகம். லப்ராங் மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கும் பல்கலைக்கழகம். விடியலில் வலம் வந்துவிட்டு மண்டபங்களுக்குத் துறவி அழைத்துப் போகும் சுற்றில் சேருங்கள். வெளியிலிருந்து வந்த வழிகாட்டி எவ்வளவு படித்திருந்தாலும், அங்கேயே படிக்கும் துறவி சொல்வது வேறு. பொட்டாலாவில் சொன்ன அதே குச்சிப் பட்டை இங்கேயும் உண்டு, கழுத்து வலிக்காமல் பார்க்கலாம்.

லான்ஜோ போகும் வழியில் பிங்லிங் குகைகள் சீனப் பங்கை ஈடுகட்டும். கி.பி. 420 ஆண்டுக் கல்வெட்டு உள்ள குகை ஒன்று, 27 மீட்டர் உயர மைத்ரேயர் (வரப்போகும் புத்தர்) சிலை. மஞ்சள் நதி நீர்த்தேக்கத்தில் விசைப்படகில் ஒரு மணி நேரம். நீர்மட்டம் இறங்கினால் படகு ஓடாது. முந்தைய நாளே ஓட்டுநரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. மார்ச்சில் சில ஊர்கள் வெளிநாட்டாருக்குத் திடீரென மூடப்படலாம். எல்லா ஓட்டலும் வெளிநாட்டாரை ஏற்பதில்லை. சைவர்களுக்கு லாசா எளிது, நேபாள உணவகங்கள் உண்டு. ஆம்தோவில் பெரும்பாலும் மாட்டிறைச்சி நூடுல்ஸ்தான். தக்காளி முட்டை நூடுல்ஸ் கேட்டாலும் அதன் குழம்பு இறைச்சி வேகவைத்த நீராக இருக்கும். புத்த மடம் இருக்கும் ஊர் என்பதால் சைவம் கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். திபெத்தியத் துறவிகள் இறைச்சி உண்பவர்கள். ‘வோ ச்சி சூ’ என்றால் ‘நான் சைவம்’. சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மலை ஆகாதவர்களுக்கு

இதயக் கோளாறு உள்ளவர்கள், வயதான பெற்றோரோடு போகிறவர்கள், நாலே நாள் உள்ளவர்கள் பெய்ஜிங், செங்டே பக்கம் பாருங்கள். பெய்ஜிங்கின் யோங்ஹே லாமா கோயிலில் ஒரே சந்தன மரத்தில் செதுக்கிய மைத்ரேயர் தரைக்கு மேல் 18 மீட்டர், கீழே 8 மீட்டர். மஞ்சு, சீனம், திபெத்தியம், மங்கோலியம் என நான்கு மொழியிலும் பொறித்த 18ஆம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட சியென்லோங் பேரரசரின் கல்வெட்டும் அங்கே உண்டு. அதிவேக ரயிலில் செங்டே ஒரு மணி நேரம். அதே பேரரசர் 1771இல் கட்டி முடித்த பொட்டாலா நகல் அங்கே நிற்கிறது. அருகே போய்ச் சன்னல்களை எண்ணுங்கள்: பல பொய்ச் சன்னல், சுவரில் வெறும் சட்டம். உள்ளே நடுவில் இருப்பது பொன் ஓடு வேய்ந்த சீன மர மண்டபம். திபெத்தைப் பேரரசு எப்படிப் பார்க்க விரும்பியது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது. ஆனால் வலம் வரும் பாட்டிகளை இங்கே தேடாதீர்கள். பெய்ஜிங்கின் அரண்மனை நகரத்துக்கு (தடை செய்யப்பட்ட நகரம்) ஏழு நாள் முன்னே பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு செய்யுங்கள், திங்கள் விடுமுறை.

யுன்னானின் ஷாங்ரி-லாவும் பட்டியலில் வரும். லிஜியாங்கிலிருந்து 2023 நவம்பர் முதல் ரயில் ஓடுவதால் எளிது. சோங்சன்லின் மடம் நல்ல மடம். ஆனால் பழைய ஊர் 2014இல் எரிந்து மறுபடி கட்டியது, உயரமும் 3,200 மீட்டருக்கு மேல். லிஜியாங் போகிறவர்கள் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம். இதற்காகவே கிளம்ப வேண்டாம்.

லாசாவுக்கு நான்கு இரவும், அதற்கு முன் ஷினிங்கில் இரண்டும், ரயிலில் ஒன்றும் ஒதுக்க முடிந்தால் லாசா. முடியாவிட்டால் ஆம்தோ. குளிர்காலமென்றால் யோசிக்கவே வேண்டாம், ஆம்தோதான். திபெத்திய ஆண்டின் முதல் மாதத்து மோன்லம் பிரார்த்தனை விழாவில் லப்ராங்கில் 13ஆம் நாள் மலைச்சரிவில் மாபெரும் தங்காவை விரிப்பார்கள், 14இல் முகமூடி நடனம், 15 இரவு வெண்ணெய்ச் சிற்பம். லாசா மூடியிருக்கும் அதே வாரங்களில் பெரும்பாலும் இது விழும். மாதக்கணக்கில் முன்பே அறை பிடியுங்கள். ஷியாஹேவில் கிடைக்காவிட்டால் 70 கி.மீ. தள்ளி ஹெசுவோவில் தங்கி, தங்கா விரிக்கும் நாளன்று விடியுமுன் வண்டியைக் கிளப்ப ஓட்டுநரிடம் முந்தைய இரவே சொல்லி வையுங்கள். தாமதமாகப் போனால் துணியைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள்.